மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு: வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப்புக்கு எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

கானாடுகாத்தான்_மெக்

விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க. காரைக்குடியில் மெக்கானிக்கல், ஐந்தாவது செமஸ்டர். சிஜிபிஏ 8.1, அரியர் இல்லை. படிப்பு முடியறதுக்குள்ள மூணு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரை வெளிநாட்டில் வேலை அனுபவம் வேணும். ஜெர்மனி என்றால் ரொம்ப நல்லது. கோலாலம்பூரில் சித்தப்பா இருக்கார், சிங்கப்பூரில் மாமா வீடு இருக்கு.

ஒரு ஏஜென்ட், "மலேசியாவில் சம்பளத்தோட இன்டர்ன்ஷிப், 2.5 லட்சம். முதல்ல விசிட்ல போயிடலாம், அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார். வீட்டில் அப்பா பாதி சம்மதம். இது சரியா வருமா? ரைஸ், வைஸ், ஐயெஸ்ட் என்று வெளிநாட்டுப் பயிற்சித் திட்டங்களைப் பேர் பேராச் சொல்றாங்களே, அதில் நமக்கு எது? காலேஜில் என்ன பேப்பர் வாங்கணும்?

தேவகோட்டை_ரஸ்தா

தம்பி, "விசிட்ல போய் மாத்திக்கலாம்" என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்திருக்கணும். விசிட் பாஸில், அதாவது சுற்றிப் பார்க்க வருபவருக்கான அனுமதியில், மலேசியாவில் வேலை செய்வது குற்றம். மாட்டினால் பாஸ் ரத்தாகித் திருப்பி அனுப்புவாங்க, மறுபடி நுழையவும் தடை விழும். வெளிநாட்டு மாணவர் பயிற்சி அங்கே புரொபெஷனல் விசிட் பாஸ் வகையில் வரும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது அங்கே உள்ள கம்பெனி. அனுமதி வந்த பிறகுதான் டிக்கெட் போடணும்.

காசு விஷயத்தை அப்பாவிடம் இப்படிச் சொல்லு: வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்கணும். அவர் வாங்கக்கூடிய சேவைக்கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 35,400. ரசீதும் தரணும். பதிவு எண்ணைக் கேட்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார். எண் சொல்லத் தயங்கினால் பேச்சை அதோட விட்டுடு.

சிங்கப்பூருக்கு டிரெயினிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ். மூணு மாசம்தான், நீட்டிப்பு கிடையாது. பயிற்சி உன் படிப்பின் பகுதியாக இருக்கணும். அதோட உன் கல்லூரியை சிங்கப்பூர் அரசு ஏற்றிருக்கணும், இல்லையென்றால் மாதச் சம்பளம் குறைந்தது 3,000 சிங்கப்பூர் டாலர் இருக்கணும். சின்னக் கம்பெனி இந்தச் சம்பளத்தைக் கேட்டதும் பின்வாங்கிடும். ஒர்க் ஹாலிடே பாஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அதற்குத் தகுதியுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை.

அந்தக் காலத்தில் நம்ம பக்கம் செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) கப்பல் ஏறினால், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாத் தொழில் பழகலாம். சொந்தக்காரர் கடிதமே போதும். இப்போது சித்தப்பா வீட்டில் பாய் விரிக்க இடம் கிடைக்கும், பாஸ் கிடைக்காது.

கோவிலூர்_காலிப்பர்

ஜெர்மனி பற்றி நான் சொல்றேன்.

ரைஸ் ஜெர்மனியை விட்டுடு. அது வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கு. டாட் (ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு) இந்தியர்களுக்கு என்று நடத்துவது வைஸ். ஆனால் அதில் எல்லாக் கல்லூரிக்கும் இடமில்லை. தகுதியுள்ள கல்லூரிப் பட்டியலைப் பார்த்துவிட்டு மேலே போ. ஐயெஸ்ட் 1948-இல் ஆரம்பித்த அமைப்பு. அதன் அடிப்படை கொடுக்கல் வாங்கல்: நம் நாட்டில் எத்தனை பயிற்சி இடம் திரட்டித் தர்றாங்களோ, ஏறக்குறைய அத்தனை வெளிநாட்டு இடம் கைக்கு வரும். மாற்றிக்கொள்வது ஜனவரி மாநாட்டில். அங்கே தங்கிச் சாப்பிடப் போதுமான உதவித்தொகை கம்பெனி தரும். விமானமும் இன்சூரன்ஸும் நம் செலவு. இப்போதே விசாரிச்சு வச்சுக்கோ. டிசம்பரில் ஓடினால் பயனில்லை.

இது எதுவும் அமையாட்டி நேரடியா விண்ணப்பிக்கணும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர் நாலு செமஸ்டர் முடித்திருந்தால், படிப்போடு தொடர்புள்ள பயிற்சிக்கு ஒரு வருஷம் வரை ஜெர்மனி அனுமதிக்கும். இதற்கு அவங்க வேலைவாய்ப்புத் துறையின் இசட்ஏவி பிரிவு சம்மதம் தரணும். படிவத்தைக் கம்பெனியோ ஆய்வகமோ நிரப்பி அனுப்பும். அந்தச் சம்மதக் கடிதத்தோடு விசாவுக்குப் போனால் வேலை சுலபம். 90 நாளுக்கு மேல் என்றால் ஜெர்மனியின் தேசிய விசா. 90 நாளுக்குள் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா), கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. குறுகிய காலம்தானே என்று டூரிஸ்ட் விசாவில் போறவங்க உண்டு. அது கதவை நாமே சாத்திக்கிற மாதிரி.

நம்ம பசங்க அதிகமாக் கோட்டை விடுறது தேதியில்தான். நீ மாணவனாக இருக்கும் வரைதான் இந்த வழி. எட்டாவது செமஸ்டர் மே மாசத்தோடு முடிந்து, பயிற்சி ஆகஸ்ட் வரை என்று கடிதத்தில் இருந்தால் கடைசி மூணு மாசம் நீ மாணவன் இல்லை. சம்மதம் அந்த இடத்தில் சிக்கும். ஆகவே இரண்டு வழிதான். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் இரண்டு, இரண்டரை மாசம்: இதற்குப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் ஒத்துக்கும், கம்பெனிகள் அவ்வளவா ஒத்துக்காது, அவங்க கேட்பது ஐந்து, ஆறு மாசம். அல்லது எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டையே அங்கே செய்வது: துறைத்தலைவர் சம்மதம், இங்கே ஒரு வழிகாட்டி, ரிவ்யூவை ஆன்லைனில் வைக்க அனுமதி மூணும் முன்கூட்டியே எழுத்தில் வேணும்.

காலேஜ் கடிதத்தில் பதிவு எண், எத்தனையாவது செமஸ்டர், பயிற்சி தொடங்கி முடியும் தேதி, அதுவரை மாணவராகத் தொடர்வார் என்ற உறுதி, பாடத்திட்டப்படி கட்டாயமா விருப்பமா என்ற விவரம் எல்லாம் இருக்கணும். கடைசி வரி முக்கியம். அங்கே கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. விருப்பப் பயிற்சி மூணு மாசத்தைத் தாண்டினால் முழுக் கூலி தரணும். அதனால்தான் "பிளிக்ட்பிராக்டிகும்" (கட்டாயப் பயிற்சி) சான்று உண்டா என்று முதல் மெயிலிலேயே கேட்பாங்க. உன் பாடத்திட்டத்தில் கட்டாயம் இல்லையென்றால் இருப்பதாக எழுதி வாங்காதே. சிலபஸ் இணையத்தில் கிடக்கு, ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துடுவாங்க.

பள்ளத்தூர்_பேத்தி

ஒன்று விட்டுட்டாங்க. ஊருக்குள்ளேயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கு. வள்ளல் அழகப்பர் தந்த 300 ஏக்கரில் 1953-இல் திறந்தது. நாலாவது செமஸ்டர் விடுமுறையில் அங்கே ஆறு வாரப் பயிற்சி கிடைத்தவங்களுக்கு வெளிநாட்டு மெயில் எழுதுவது பாதி சுலபம். மெக்கானிக்கல் என்றாலும் பேட்டரி பேக் குளிரூட்டல், எலக்ட்ரோடு பூச்சின் தடிமன், அரிப்பு என்று வேலை உண்டு. ஜெர்மனியில் உல்ம் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவனம், ம்யூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் மீட் மையம் இரண்டும் பேட்டரி ஆராய்ச்சிக்கே ஆனவை. இங்கே செய்த வேலையைச் சொல்லி அங்கே எழுதினால் பொருத்தம் தானாத் தெரியும்.

மெயில் 150 வார்த்தைக்குள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்" என்று ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்பாதே; படிக்காமலே அழிச்சிடுவாங்க. அவங்களோட ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எந்தச் சோதனைக்கு நீ என்ன உதவ முடியும் என்று இரண்டு வரி. தேதி, எத்தனை வாரம், பணம் வேணுமா வேண்டாமா என்பது ஒரு வரி. சிவி ஒரு பக்கம். கூடவே நீ வரைந்த டிராயிங் ஒன்று, டாலரன்ஸ் குறியீடெல்லாம் சரியாப் போட்டு. சாஃப்ட்வேர் பேரை அடுக்குவதைவிட அந்த ஒரு தாள் பேசும். பேராசிரியரோடு அவர் குழுவில் உள்ள ஆய்வு மாணவருக்கும் எழுது. பதில் அங்கிருந்துதான் அதிகம் வரும்.

கானாடுகாத்தான்_மெக்

ரொம்ப நன்றி. ஏஜென்ட்டிடம் பதிவு எண் கேட்டேன், "இன்டர்ன்ஷிப்புக்கு அதெல்லாம் தேவையில்லை" என்கிறார். இன்னும் இரண்டு சந்தேகம். ஜெர்மன் மொழி வேணுமா? போய் இறங்கியதும் கையில் எவ்வளவு இருக்கணும்?

கோவிலூர்_காலிப்பர்

பதில் உனக்கே கிடைச்சாச்சு, அவரை விட்டுடு.

ஆய்வகத்துக்கு ஆங்கிலம் போதும். தொழிற்சாலைத் தளத்தில் என்றால் ஜெர்மனில் பி1 (நடுத்தர) நிலை இருந்தால்தான் கூட்டத்தில் பேசுவது புரியும். பாதுகாப்பு விதிகளே ஜெர்மனில்தான் இருக்கும்.

பணத்தில் பெரிய அடி வாடகை முன்பணம். சட்டப்படி மூணு மாச வாடகை வரை கேட்கலாம். அதனால் தனி வீடு தேடாதே. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர் தன் அறையை உள்வாடகைக்கு விடுவார், அதைப் பிடி. ஆனால் நீ குடிபுகுந்ததற்கு வீட்டுக்காரரின் சான்று வாங்கித் தருவாரா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கோ. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதியணும், அதற்கு அந்தச் சான்று வேணும். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். எண் கொடுக்காட்டி கம்பெனி ஆறாம் வரி வகுப்பில் போட்டு, சம்பளத்தில் பெரிய துண்டைப் பிடிச்சிடும். மூணு மாசத்துக்குப் போறவனுக்கு அதுவே ஒரு மாச வாடகை.

பாஸ்போர்ட் இல்லாட்டி இந்த வாரமே மதுரை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடு. 36 பக்கம் 1,500 ரூபாய், தட்கல் 3,500. விசா அப்பாயின்ட்மென்ட் சென்னையில் காலையில் விழுந்தால் பல்லவன் எக்ஸ்பிரஸை நம்பாதே, அது மதியம்தான் எழும்பூர் சேரும். முந்தின ராத்திரி ரயிலைப் பிடி.