சிசேரியனுக்குப் பிறகு ஹெப்பாரின்: யாருக்கு, எப்போது, எத்தனை நாள்?

குடியாத்தம் டியூட்டி டாக்டர்:
சீனியர்களுக்கு வணக்கம். சிசேரியனுக்குப் பின் காலில் ரத்தக்கட்டி வராமல் இருக்க, ஒரு யூனிட்டில் எல்லாருக்கும் எனாக்ஸாபரின் (ஹெப்பாரின் வகை ஊசி) 40 மி.கி. எழுதுகிறார்கள். அடுத்த யூனிட்டில் "நடக்க வச்சா போதும்" என்கிறார்கள். 36 வயது, 94 கிலோ, பிஎம்ஐ 37, வலி எடுத்து பாதியில் அவசர சிசேரியன். இவருக்கு எது சரி? ஸ்பைனல் (முதுகில் போடும் மயக்க ஊசி) போட்டு எத்தனை மணி நேரம் கழித்து முதல் ஊசி?

வேலூர் மகப்பேறு:
இவருக்கு நடை மட்டும் போதாது, 40 மி.கி.-உம் போதாது. ஆர்சிஓஜி (பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரி) 2015 ரத்தக்கட்டி ஆபத்துக் கணக்குப்படி வலிக்கு நடுவில் செய்த சிசேரியனுக்கே 2 புள்ளி. வயது 35-ஐத் தாண்டியதற்கு 1, பிஎம்ஐ 30-க்கு மேல் என்பதால் 1. பிரசவத்துக்குப் பின் 2 புள்ளி வந்தாலே குறைந்தது 10 நாள் ஊசி. டோஸ் எடையைப் பார்த்துத்தான்: 50 கிலோவுக்குக் கீழே 20 மி.கி., 50–90-க்கு 40, 91–130-க்கு 60, தினம் ஒரு வேளை. முன்பு ரத்தக்கட்டி வந்தவர் என்றால் 6 வாரம். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்த சிசேரியன், வேறு ஆபத்து எதுவும் இல்லை என்றால், சீக்கிரம் எழுப்பி நடக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தாலே சரி.

புள்ளி போடத் தெரியாதவர் யாருமில்லை. அட்மிஷனில் போட்டதோடு விட்டுவிடுகிறோம், அங்கேதான் கோட்டை விடுவது. அதற்குப் பிறகு அவசர சிசேரியன், 1 லிட்டருக்கு மேல் ரத்தப்போக்கு, காய்ச்சல் என்று நிலைமை மாறியிருக்கும். ஷீட்டில் மட்டும் "லோ ரிஸ்க்" அப்படியே இருக்கும். ஆபரேஷன் நோட்ஸின் கடைசி வரியில் புள்ளி, டோஸ், முதல் ஊசி நேரம், கடைசி ஊசி தேதி நான்கையும் எழுதுங்கள்.

மயக்கவியல்:
ஸ்பைனலுக்குப் பின் 4 மணி நேரம் என்பது ஆர்சிஓஜி. அமெரிக்க சோப் (மகப்பேறு மயக்கவியல் சங்கம்) குழு 2018-இல் 12 மணி நேரம் என்றது. ராத்திரியில் கால் அசைவைப் பார்க்க ஆள் குறைவான இடத்தில் 12-ஏ நல்லது. எபிடியூரல் கதீட்டர் (வலி மருந்துக்கு முதுகில் வைத்த குழாய்) இருந்தால் கடைசி ஊசிக்கு 12 மணி நேரம் கழித்து எடுங்கள். எடுத்து 4 மணி நேரமாவது ஆன பிறகே அடுத்தது. பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 75,000-க்குக் கீழே அல்லது ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் ஊசி வேண்டாம், கால் ஸ்டாக்கிங்ஸ் போடுங்கள். சிறுநீரகம் மோசம் என்றால் சாதா ஹெப்பாரின்.

வார்டு சிஸ்டர்:
சிரிஞ்சில் இருக்கிற காற்றுக்குமிழை வெளியே தள்ளக்கூடாது, மருந்தும் சேர்ந்து போயிடும். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தழும்பை விட்டு, தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்தணும். தேய்க்கக்கூடாது, கன்னிப்போகும். டாக்டர், ஒண்ணு சொல்லணும்: தையல் பிரிச்சு அனுப்புற அன்னைக்கே ஊசியும் நின்னுடுது. மீதி சிரிஞ்சையும் தேதியையும் கையில் கொடுத்து, வி.எச்.என்.-கிட்ட (கிராம சுகாதார செவிலியர்) சொல்லி அனுப்புங்க. "பச்சை உடம்பு"ன்னு தண்ணியைக் குறைக்கிற மாமியாரையும் கூப்பிட்டுப் பேசிடுங்க, அதுவும் வேலூர் வெயில்ல. தாய்ப்பால் தாராளமா கொடுக்கலாம்.

குடியாத்தம் டியூட்டி டாக்டர்:
நன்றி. கால் வீங்கி வந்தால் டி-டைமர் (ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) உதவுமா?

வேலூர் மகப்பேறு:
உதவாது, பிரசவமான எல்லாருக்கும் அது உயர்ந்துதான் இருக்கும். இடது தொடை அல்லது இடுப்புப் பக்கம் வலி, கெண்டைக்கால் சுற்றளவில் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் சிகிச்சை டோஸை (தடுப்பு டோஸைவிட அதிகம்) ஆரம்பித்துவிட்டு டாப்ளருக்கு (கால் ரத்தக்குழாய் ஸ்கேன்) அனுப்புங்கள். இடுப்புக்குள் இருக்கும் ரத்தக்கட்டி அந்த ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ரிப்போர்ட் நார்மல், சந்தேகம் மட்டும் தீரவில்லை என்றால் 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் திரும்பப் பாருங்கள்.