புது ரிகர்சல் ரூமுக்கு மாறுறோம், ரெண்டு இடத்துல எதை எடுக்கலாம்?

மாம்பலம்_பேஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அஞ்சு பேர் பேண்ட். டிரம்ஸ், பேஸ் (நான்தான்), ரெண்டு கிட்டார், பாடுறதுக்கு ஒரு பொண்ணு. சொந்தமா தமிழ்ப் பாட்டு போடுறோம், நடுநடுவுல கல்யாண ரிசப்ஷன் வந்தா அதையும் பண்றோம், அந்தக் காசுலதான் கேபிள் ஸ்டிரிங் செலவெல்லாம் ஓடுது.

2017ல இருந்து மேற்கு மாம்பலத்துல எங்க கிட்டாரிஸ்ட்டோட தாத்தா வீட்டு முன்ரூம்லதான் பிராக்டீஸ். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, மேல தேக்கு உத்திரம், அதுக்கு மேல குத்துச்செங்கல், சுவர் ஒன்றரை அடி கனம் சுண்ணாம்புக் காரை. அந்த ரூம்ல நாங்க ஒண்ணுமே பண்ணல, பாய் விரிச்சு டிரம்ஸை வச்சோம் அவ்ளோதான், ஆனா ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா காதுல விழும். இப்ப வீட்டை பில்டருக்கு குடுத்துட்டாங்க, பொங்கல் முடிஞ்சதும் இடிக்கிறாங்க, அதுக்குள்ள நாங்க காலி பண்ணணும். எங்க எல்லாப் பாட்டும் பொறந்த ரூம் அது, போன வாரம் ஆம்பை தூக்கி ஓரமா வைக்கும்போதே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டு இடம் பாத்து வச்சிருக்கோம்.

ஒண்ணு சாலிகிராமம். ரெண்டாவது மாடி, 12க்கு 15 ரூம், வாடகை 14,000. கீழ் வீட்ல ஒரு குடும்பம் இருக்கு, சின்னக் கொழந்தை. ஓனர் நல்ல மனுஷன், எட்டரை வரைக்கும் வாசிச்சுக்கோங்க தம்பின்னு சொல்றார். சுத்தி டப்பிங் தியேட்டர், ஸ்டுடியோன்னு இருக்கிற ஏரியா, சத்தம் எல்லாருக்கும் பழக்கம்தான்.

இன்னொண்ணு வேளச்சேரி. தரைத்தளம், ஷட்டர் கடை, 10 அடி அகலம், 20 அடி நீளம், உயரமும் சரியா 10 அடி. ஒரு பக்கம் டெய்லர் கடை, இன்னொரு பக்கம் குடோன், மேல டியூஷன் சென்டர், எல்லாம் எட்டு மணிக்கு மூடிடுவாங்க. பின்னால ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. வாடகை 16,000, அட்வான்ஸ் பத்து மாசம்.

சவுண்ட் ப்ரூஃபுக்கு எங்க கையில 1 லட்சம் இருக்கு, அதுக்கு மேல இப்போதைக்கு புரட்ட முடியாது. ஃப்ரெண்ட் ஒருத்தர் சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டுன்னு சொல்றார், இன்னொருத்தர் ஆன்லைன்ல கெடைக்கிற கருப்பு ஃபோம் வாங்குன்னு சொல்றார். எந்த இடம், காசை எதுல போடுறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கலவை_மேசை:

தம்பி, நான் பதினெட்டு வருஷமா லைவ் சவுண்ட் பண்றேன். முட்டை அட்டையை விட்டுருங்க. அது வெளிய போற சத்தத்தை ஒரு துளி கூட நிறுத்தாது, உள்ள சிம்பலோட கீச்சை லேசா கொறைக்கும், தூசி சேரும், கரப்பான் குடி வரும். ஃபோமும் வெளிய போற சத்தத்தை நிறுத்தாது. சத்தத்தை வெளிய விடாம அடைக்கிறது ஒரு வேலை, ரூமுக்குள்ள சத்தம் முட்டி முட்டி எதிரொலிக்காம பாத்துக்கிறது வேற வேலை. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு ரெண்டாவதுக்கு வாங்க வேண்டிய சாமானை வாங்கி மொதல் வேலைக்கு ஒட்டிட்டு, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போது முழிக்கிறாங்க.

அடைக்கிறதுக்கு வேண்டியது கனமும் சந்து இல்லாமையும். கனத்தை ரெண்டு மடங்காக்கினாலும் 5, 6 டெசிபல்தான் கூடுதலா கொறையும், அதனால அதுல காசு சீக்கிரம் கரைஞ்சிடும். சந்துதான் முக்கியம். 7க்கு 3 அடி கதவுன்னா 3,024 சதுர இன்ச். அது கீழ அரை இன்ச் இடைவெளி விட்டா 18 சதுர இன்ச், நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா அந்த ஒரு சந்து இருந்தா கதவு எவ்ளோ கனமா இருந்தாலும் 22 டெசிபலுக்கு மேல அது தடுக்காது. நீங்க வாசிக்கிறது 105ன்னு வச்சுக்கோங்க, கதவுக்கு அந்தப் பக்கம் 80க்கு மேல நிக்கும்.

நான் உங்க இடத்துல இருந்தா வேளச்சேரி எடுப்பேன், ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு ஷட்டருக்கு கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு செங்கல் சுவர், ரெண்டு பக்கமும் பூச்சு, அதுல ஒரே ஒரு கதவு. ஷட்டர் வெறும் தகரம், அதுவே ஒரு பறை மாதிரி அதிரும். பின்னாடி ஜன்னலையும் செங்கல் வச்சு அடைச்சிருங்க. அந்த இடிக்கிற வீட்ல தேக்குக் கதவு இருக்குமே, அதைக் கேட்டு வாங்குங்க! இன்னிக்கு கடையில வாங்குற ஃப்ளஷ் டோருக்கும் அதுக்கும் எவ்ளோ எடை வித்தியாசம்னு தூக்கிப் பாத்தா தெரியும். நடுப்பலகை மெலிசா இருந்தா உள்பக்கம் முக்கால் இன்ச் ப்ளைவுட் அடிச்சு, சுத்தி ரப்பர் பீடிங் போட்டு, கீழ ஒரு வாசப்படி கட்டிருங்க, கதவு அது மேல வந்து அழுந்தி நிக்கணும்.

ஒரு விஷயம் மட்டும் பயமுறுத்துது, உங்க அளவு. நம்ம ஊர் வெக்கையில சத்தம் செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் ஓடும். 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ்ல சுவருக்கும் சுவருக்கும் நடுவுல சத்த அலை நகராம ஒரே எடத்துல நின்னு அதிரும். உயரமும் 10, அதே 57. நீளம் 20, அதோட ரெண்டாவது அலையும் அதே 57. மூணும் ஒரே எடத்துல குவியுது. உங்க பேஸ்ல ஏ கம்பியை சும்மா அடிச்சா 55, பக்கத்து ஏ ஷார்ப் 58. அந்த ரெண்டு சுரம் மட்டும் பூம்னு வீங்கும், மத்ததெல்லாம் ஒல்லியா கேக்கும். அதனால நீளத்தை முழுசா விடாதீங்க, அந்த ஷட்டர் சுவரைக் கட்டும்போதே மூணு அடி உள்ள தள்ளிக் கட்டி ரூமை 17 அடியாக்குங்க, முன்னாடி கெடைக்கிற எடம் செருப்பு விட, வாத்தியப் பெட்டி அடுக்க ஆச்சு. நாலு மூலையிலயும் கனமா பஞ்சு வைங்க, பழைய இலவம்பஞ்சு மெத்தையை சுருட்டி நிறுத்தினாலும் சரி.

உங்க பழைய ரூம் ஏன் நல்லா கேட்டுச்சுன்னா அந்த உத்திரம்தான். கூரையில ஒன்றரை அடிக்கு ஒண்ணு மரம் நீட்டிட்டு இருந்தா நடு ஸ்தாயி, மேல் ஸ்தாயி சத்தம் நேரா திரும்பாம செதறிடும். புது கான்கிரீட் ரூஃப் வழுவழுன்னு தட்டையா இருக்கும், டைல்ஸ் தரைக்கும் அதுக்கும் நடுவுல கை தட்டினா டிர்ர்னு கேக்கும், போய் தட்டிப் பாருங்க.


தோல்வாத்தியம்:

அண்ணா சொன்னதை வழிமொழியுறேன். டிரம்மரா ஒரு வார்த்தை, மாடி வேண்டவே வேண்டாம். நாங்க மூணு வருஷம் முன்னாடி ஒரு மொதல் மாடி ரூம் எடுத்தோம், சுவருக்கெல்லாம் செலவு பண்ணோம், கீழ் வீட்டுப் பாட்டி ஆறாவது நாளே மேல வந்துட்டாங்க. சத்தம் கேக்கலப்பா, ஆனா கட்டில் அதிருதுன்னு சொன்னாங்க. கிக் பெடலை மிதிக்கும்போது அந்த அடி காத்து வழியா போகல, நேரா ஸ்லாப்ல இறங்கி, ஸ்லாப்ல இருந்து சுவருக்குப் போயி வீடு பூரா பரவுது. அதுக்கு சுவத்துல என்ன ஒட்டினாலும் பிரயோஜனம் இல்ல. அந்தப் பாட்டி கோவமா கூட சொல்லல, அதான் இன்னிக்கும் உறுத்துது. ரெண்டே மாசத்துல காலி பண்ணோம்.

சின்னக் கொழந்தை இருக்கிற வீட்டு மேல டிரம்ஸ் வைக்காதீங்க, ஓனர் சரின்னு சொன்னாலும் கீழ இருக்கிறவங்க சொல்லலயே.

தரைத்தளமா இருந்தாலும் மேல டியூஷன் இருக்கு, அதனால டிரம்ஸுக்கு ஒரு மேடை பண்ணுங்க. ரெண்டு ப்ளைவுட் பலகை, கீழ் பலகையில வட்ட ஓட்டை போட்டு டென்னிஸ் பால் பாதி உக்கார்ற மாதிரி வரிசையா வச்சு, மேல இன்னொரு பலகை, அது மேல கார்ப்பெட். பந்து ஸ்பிரிங் மாதிரி அந்த அடியை வாங்கிக்கும். ஆறுக்கு ஆறடிக்கு நாங்க நாப்பது பந்து கிட்ட போட்டோம், கிரிக்கெட் ஆடுற பசங்ககிட்ட தேஞ்ச பந்தா வாங்கினோம். மேடை சுவத்தை தொடக்கூடாது, நாலு பக்கமும் ரெண்டு விரல் இடம் விடுங்க.

காதையும் பாத்துக்கோங்க. நியோஷ்னு அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அவங்க கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 வந்தா பதினஞ்சே நிமிஷம். சின்ன ரூம்ல நாம சர்வ சாதாரணமா 100ஐ தாண்டுறோம். எனக்கு வலது காதுல கொய்ங்னு ஒரு சத்தம் இப்ப நெரந்தரமா இருக்கு, தூங்கும்போது ஃபேன் ஓடணும். இயர் ப்ளக் மாட்டிட்டு வாசிங்க, அஞ்சு பேரும்.


மேடைக்குரல்:

நான் பாடுறவ, உங்க பாடகிக்காக எழுதுறேன். சின்ன ரூம்ல மொதல்ல அடிபடுறது தொண்டைதான். டிரம்ஸுக்கு மேல கத்தணும்னு ஆயிடும், ரெண்டு மணி நேரத்துல கட்டிப் போயிடும், மறுநாள் ப்ரோகிராம்னா போச்சு. டிரம்மரை பிராக்டீஸுக்கு மட்டும் மூங்கில் குச்சிக் கட்டு மாதிரி இருக்குமே ராட்ஸ், அதுல வாசிக்கச் சொல்லுங்க. மைக் கார்டியாய்டுன்னா (முன்னாடி வர்ற சத்தத்தை நல்லா பிடிச்சு, பின்னாடி வர்றதை ரொம்பக் கம்மியா பிடிக்கிற வகை) அதோட முதுகுப் பக்கம் ஸ்பீக்கர் வர்ற மாதிரி நில்லுங்க, வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏத்தலாம், சீக்கிரம் கூவாது. அவங்களுக்குப் பின்னாடி இருக்கிற சுவத்துல கட்டாயம் பஞ்சு பேனல் வைங்க, இல்லன்னா சுவத்துல பட்ட சத்தம் நேரா மைக்குக்குள்ள வந்துரும்.

அடுத்தது காத்து. ஜன்னலையும் அடைச்சு ஷட்டரையும் அடைச்சுட்டு ஏசி போட்டா போதும்னு நெனைக்காதீங்க, ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்கிற காத்தையேதான் சுத்தி விடும். அஞ்சு பேர் மூச்சு விட்டு ஒரு மணி நேரத்துல தலை பாரமாயிடும். காத்து உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணுன்னு ரெண்டு மரப்பெட்டி குழாய், உள்ள பஞ்சு ஒட்டி, ரெண்டு மூணு தடவை மடிச்சு விட்டு ஒரு ஃபேன் வைங்க. காத்து வளைஞ்சு போயிடும், சத்தம் ஒவ்வொரு மடிப்புலயும் பஞ்சுல முட்டி செத்துரும்.

ஃபோம் பத்தி இன்னும் யாரும் சொல்லாததை சொல்றேன். 2003 பிப்ரவரி 20 ராத்திரி அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு கிளப்ல, மேடைக்கு பின்னாடி சுவத்துல சத்தத்துக்காக ஒட்டின ஃபோம்ல பட்டாசுப் பொறி பட்டு, 100 பேர் இறந்து போனாங்க. பக்கத்து வீட்டுக்கு சத்தம் போகக்கூடாதுன்னு ஒட்டின ஃபோம் அது. ஒரே கதவு இருக்கிற ரூம்ல அதை நெனச்சுப் பாருங்க. இலவம்பஞ்சும் சீக்கிரம் பத்திக்கிற சாமான் அண்ணா, மன்னிக்கணும், அதுல எனக்கு உடன்பாடு இல்ல. ராக்வூல் வாங்குங்க, அது கல்லை உருக்கி நூலாக்கினது, எரியாது. மரச்சட்டத்துல வச்சு காட்டன் துணி போத்தி மாட்டினா போதும், கையுறையும் மாஸ்க்கும் போட்டுட்டு வெட்டுங்க, அரிக்கும்.


கலவை_மேசை:

மேடைக்குரல் சொல்றதுதான் சரி, மெத்தையை வாபஸ் வாங்கிக்கிறேன். ராக்வூல் 48 அடர்த்தி (கன மீட்டருக்கு 48 கிலோ), 50 எம்எம் ஷீட் கேளுங்க. சுவத்துக்கு ஒரு ஷீட், சுவத்துல இருந்து ரெண்டு இன்ச் தள்ளி மாட்டுங்க. மூலைக்கு ரெண்டு ஷீட்டாவது சேத்து, மூலைக்கு குறுக்கா.


எர்த்_பார்த்தாச்சா:

எலக்ட்ரீஷியன். பழைய கடைன்னா மொதல்ல எர்த் இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க. எர்த் இல்லாத ரூம்ல கிட்டார் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மைக்ல உதடு பட்டா சுரீர்னு அடிக்கும், ஆள் போயிருக்காங்க. கரண்ட் கசிஞ்சா உடனே லைனை கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு கட்டாயம், அதுல கஞ்சத்தனம் வேண்டாம். ஆம்ப், மிக்ஸர் எல்லாத்தையும் ஒரே பாயின்ட்ல இருந்து எடுங்க, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு சொருகினா ஹம்முனு எரைச்சல் வரும். ஏசி லைன் தனி.

வேளச்சேரின்னு சொல்றீங்க, 2015 டிசம்பர் வெள்ளத்துல அங்க என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெருவுல பழைய ஆள் ஒருத்தரைப் பிடிச்சு தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, ஓனரைக் கேக்காதீங்க. ப்ளக் பாயின்ட் எல்லாம் அதுக்கு மேல இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில ஆம்பை தரையில விட்டுட்டு வீட்டுக்குப் போகாதீங்க. ராக்வூல் பேனலும் தரையில இருந்து ஒரு அடி மேலேயே ஆரம்பிக்கட்டும், நனைஞ்சா அப்புறம் தூக்கித்தான் போடணும்.

நேரமும் பாத்துக்கோங்க. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் 45.


மாம்பலம்_பேஸ்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நேத்து அஞ்சு பேரும் வேளச்சேரி போயிட்டு வந்தோம். கை தட்டிப் பாத்தோம், டிர்ர்னு அப்படியே கேட்டுச்சு. சின்ன ஆம்பை எடுத்துட்டுப் போயி பேஸ்ல ஒவ்வொரு சுரமா வாசிச்சேன், ஏவும் ஏ ஷார்ப்பும் ஷட்டரையே அதிர வச்சிருச்சு, வாசிக்காமலே அண்ணா கண்டுபிடிச்சிட்டார்.

எதிர்ல டீக்கடைக்காரர் 2015ல தன் கடை கல்லாப்பெட்டி முழுகினதை கையால காமிச்சார், என் இடுப்புக்கு வருது. நம்ம கடை ரெண்டு படி ஒசரம். அதனால மூணரை அடி ஒசரத்துல இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட் அடிச்சு, மழை சீசன்ல எல்லாம் அது மேல ஏத்திடுறதுன்னு முடிவு. ஓனர் சுவர் கட்ட ஒத்துக்கிட்டார், காலி பண்ணும்போது இடிச்சுக் குடுக்கணும்னு எழுதி வாங்கிக்கிட்டார். டியூஷன் நடத்துற அக்காவையும் பாத்துப் பேசிட்டோம், வாரநாள்ல அவங்க முடிச்சப்புறம் எட்டுல இருந்து ஒம்பதரை, ஞாயித்துக்கிழமை பகல் முழுக்க.

கதவு விஷயம். பில்டர் பழைய மரம் மொத்தத்தையும் ஒரு வியாபாரிக்குப் பேசிட்டாராம். தாத்தா நேத்து அவருக்கு ஃபோன் போட்டு, முன்ரூம் கதவு மட்டும் என் பேரனுக்குன்னு சொல்லிட்டார். பூஜை முடிஞ்சு சனிக்கிழமை கழட்டுறோம், ஆறு பேர் வேணுமாம் தூக்க. வேளச்சேரி வரைக்கும் கொண்டு போக குட்டி யானை சொல்லியாச்சு. கதவோட உள்பக்கத்துல 2017ல இருந்து எங்க செட் லிஸ்ட் எல்லாம் சாக்பீஸ்ல எழுதினது இன்னும் அழியாம இருக்கு. ப்ளைவுட்டை உள்பக்கம் அடிக்காம வெளிப்பக்கம் அடிச்சா சத்தம் தடுக்கிறதுல ஏதாவது வித்தியாசம் வருமா அண்ணா?


கலவை_மேசை:

வராது தம்பி. வெளிப்பக்கமே அடிங்க. பீடிங் மட்டும் சட்டத்தோட சரியா உக்காருதான்னு பேப்பர் வச்சு இழுத்துப் பாருங்க, எங்க லூசா வருதோ அங்க இன்னொரு சுத்து.