கேசட் பெட்டியா, பிளேலிஸ்ட்டா: வீட்டுப் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது எப்படி?

வானொலி_நேயர்:
கேள்வி இதுதான். 80களிலும் 90களிலும் வாங்கியதும் பதிந்ததுமாக ஒரு வீட்டில் நாற்பது கேசட் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதில்தான் உயிர். பிள்ளைகள் கேட்பது ஹிப் ஹாப், எலக்ட்ரானிக். அவர்கள் பாட்டு இவர்களுக்கும் இவர்கள் பாட்டு அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். எல்லாக் கேசட்டையும் டிஜிட்டலாக மாற்றுவது முதல் வேலையா, ஸ்ட்ரீமிங்கில் பட்டியல் போட்டால் போதுமா? செய்முறையோடு சொல்லுங்கள்.

ஒலிநாடா:
மாற்றத்தான் வேண்டும், அதுவும் தள்ளிப்போடாமல். பட்டியலை அடுத்த வருஷமும் போடலாம், நாடா அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது. நாடாவை ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) சேர்த்து அழுத்தும் சின்னப் பஞ்சு, பசை காய்ந்து விழுந்துவிடும். விழுந்தால் ஒலி மங்கி விட்டுவிட்டுக் கேட்கும். ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

நல்ல கேசட்டுக்குச் செய்முறை இது. முதலில் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். பல வருஷம் அசையாமல் கிடந்த சுருளின் இறுக்கம் அப்போதுதான் சீராகும். ஹெட்டையும் நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபிரபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய விடுங்கள். கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளியேறும் துளை) யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) ஆர்சிஏ கேபிள். லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் செருகாதீர்கள். அது மைக்குக்கானது, பெரும்பாலும் மோனோதான் (இடது வலது பிரியாத ஒலி), சத்தம் ஏறினால் கரகரக்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தரத்தை 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அதன் அளவுமானியில் பாட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஒரு பக்கத்தை நிறுத்தாமல் ஒரே கோப்பாக எடுங்கள். சி-60 (மொத்தம் 60 நிமிடம்) கேசட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து வேவ் கோப்பாக ஏறக்குறைய 1 ஜிபி வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்காக மாற்றினால் நன்றாகவே குறையும்.

ரீதிகௌளை:
ஐயா, கணக்கைப் பாருங்கள். நாற்பது சி-60 என்றால் ஓடும் நேரம் மட்டுமே 40 மணி. துடைப்பது, சுற்றுவது, வெட்டுவது, பெயரிடுவது என்று சேர்த்தால் 55 மணிக்குக் குறையாது. அந்த நாற்பதில் பெரும்பகுதி கம்பெனி வெளியிட்ட படப் பாடல்களாகத்தான் இருக்கும். அவை இசை நிறுவனங்களின் மூலப் பதிவிலிருந்தே ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன. தேய்ந்த கேசட்டிலிருந்து எடுப்பது அதைவிட நன்றாக இருக்க வழியே இல்லை. 55 மணி நேரம் மெஷினோடு உட்கார்ந்தவருக்குப் பிள்ளைகளோடு உட்கார நேரம் மிஞ்சாது. கேட்க வைப்பதுதான் வேலை, சேமிப்பது இரண்டாம் பட்சம்.

ஸ்ட்ரீமிங்கில் ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். ஒரே பாட்டு நாலைந்து பதிவேற்றமாக இருக்கும், சில வேறு பாடகர் பின்னாளில் பாடியவை. நிறுவனத்தின் பெயர், படத்தின் ஆண்டு, பாடகர், நீளம் ஆகிய நான்கையும் பாருங்கள். நீளம் 20 வினாடிக்கு மேல் வேறுபட்டால் அது வேறு பதிவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒலிநாடா:
கம்பெனி கேசட்டைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பெட்டியில் அது மட்டுமா இருக்கிறது? வானொலிக் கச்சேரியை வீட்டில் பதிந்தது, கோயில் திருவிழாவில் எடுத்த நாகசுரம், கல்யாண வீட்டு மேளம், பாட்டி பாடிய தாலாட்டு, ஊர்க் கூத்து. இவை எந்தச் சர்வரிலும் இல்லை. உலகத்தில் ஒரே பிரதி அந்த நாடாதான். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து டிடிகே கேசட்டில் பதிந்து வாங்கியவை இன்னொரு வகை. அதில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதே அந்த மனிதரின் ரசனை.

ரீதிகௌளை:
அந்த ரசனைக்கு நாடா எதற்கு? உள்ளட்டையைக் கைபேசியில் படம் எடுத்து, அதே வரிசையில் பட்டியல் போட்டால் கால் மணி நேரம். வீட்டுப் பதிவுகளை மட்டும் டிஜிட்டலாக மாற்றுங்கள், மறுக்கவில்லை. அப்படியே நாற்பதையும் மாற்றி வைத்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஹார்டு டிஸ்க்கில் போட்டு மூடி வைத்ததும் பரணில் கிடந்ததும் ஒன்றுதான்.

பிள்ளைகளைக் கேட்க வைக்க நான் சொல்லும் வழி ராகம். அவர்களுக்கு ஏற்கெனவே பிடித்த பாட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம். ‘கண்கள் இரண்டால்’ 2008, ‘அழகான ராட்சசியே’ 1999, ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ 1977. மூன்றுக்கும் ரீதிகௌளை ராகம்தான் அடிப்படை. மூன்றாவதைப் பாடியவர் கர்நாடக இசைப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணா, ஆகவே கச்சேரி மேடைக்கு அங்கேயே கதவு திறக்கிறது. அடுத்து அதே ராகத்தில் சுப்பராய சாஸ்திரி இயற்றிய ‘ஜனனி நின்னுவினா’. நான்கே படியில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு கீர்த்தனையின் வாசலுக்கு வந்துவிடுவான். முதல் நாளே ராகத்தை விரித்துப் பாடும் 20 நிமிட விஸ்தாரம் வேண்டாம். கீர்த்தனையின் முதல் இரண்டு பகுதிகளான பல்லவியும் அனுபல்லவியும் போதும்.

பேஸ்கிட்டார்:
ரெண்டு பேரும் பெரியவங்க பக்கம் மட்டும்தான் நிக்கிறீங்க. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன், முதல்ல ராகம்.

இந்த ராகப் படிக்கட்டு ராகம் தெரிஞ்சவங்களுக்குத்தான் படிக்கட்டு. ஹிப் ஹாப் கேக்குற காது முதல்ல பிடிக்கிறது தாளத்தையும் பேஸையும் ஒலியோட நிறத்தையும்தான். நீங்க சொன்ன நாலுக்கும் வேகம் வேற, வாத்தியம் வேற, சுருதி வேற. ‘ஒரே மாதிரியே இல்லையே’ன்னுதான் பதில் வரும். அதுக்கு மேல ‘உனக்குக் காது பத்தலை’ன்னு யாராவது சொல்லிட்டா அந்தப் பிள்ளை திரும்பி வரவே மாட்டான்.

ஒலி வழியாப் போங்க. எலக்ட்ரானிக் கேக்குறவங்களுக்கு 1986ல வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தோட கருப்பொருள் இசை. சுரங்களை முன்கூட்டியே பதிஞ்சு வச்சுத் தானா வாசிக்க வைக்கிற சீக்வென்சர்ல அமைச்சது, அதைச் சொல்லிட்டுப் போடுங்க, கவனிப்பாங்க. கிட்டார் வாசிக்கிற பிள்ளைக்கு ‘இளைய நிலா’, 1982. பாட்டு எப்படிப் பதியுறாங்கன்னு ஆர்வம் இருந்தா ‘சர்வர் சுந்தரம்’ படத்துல ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ காட்சியைப் பாருங்க. 1964 படம். ரெக்கார்டிங் தியேட்டரையே திரையில காட்டுறாங்க. இசையமைப்பாளர் எம்.எஸ்.வி. இருக்காரு, பாடகர் டி.எம்.எஸ். இருக்காரு, வாத்தியக்காரங்க வரிசையா உக்காந்திருக்காங்க. லேப்டாப்ல பீட் பண்ற பையன் அதை ரெண்டு தடவை பார்ப்பான். யார் எங்க உக்காந்திருக்காங்க, மைக் எங்க இருக்குன்னு அவனே கேப்பான்.

ரீதிகௌளை:
தம்பி சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன். ராகத்தின் பெயரை முதலில் சொல்லக் கூடாது. ஆனால் ‘ஒரே மாதிரி இல்லை’ என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணம் சுருதி வேறுபாடு, அதைச் சரிசெய்ய முடியும். ஆண் குரலின் ஆதார சுருதி ஒரு கட்டையை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஒட்டி இருக்கும், பெண் குரல் ஐந்து, ஐந்தரைக் கட்டை. புதுக் காதுக்கு இந்த இடைவெளி பெரிய சுவர். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் 20 வினாடி வெட்டி, ஆடாசிட்டியில் சுருதியை மட்டும் மாற்றி (வேகத்தைத் தொடாமல்) எல்லாவற்றையும் ஒரே ஆதார ஸட்ஜத்துக்கு (அடிப்படை ‘ஸ’) கொண்டுவந்து அடுத்தடுத்துப் போடுங்கள். மேல் ஸட்ஜத்துக்கு ஏறும்போது ‘நி நி ஸ’ என்று நிஷாதம் இரட்டித்து வரும் இடத்தில் சொல்லாமலே தலை நிமிரும். மூன்று அரைச்சுரத்துக்கு (கீபோர்டில் அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) மேல் நகர்த்தாதீர்கள், குரல் பொம்மைக் குரலாகிவிடும். இடைவெளி அதிகமானால் இரண்டு பாட்டையும் பாதிப் பாதி நகர்த்தி நடுவில் சந்திக்க வையுங்கள்.

ஒலிநாடா:
இந்த இடத்தில்தான் கேசட் குறுக்கே வரும், கவனம். நாடா ஓட வேண்டிய வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. பழைய டெக்குகளும் பதிந்த கடைகளின் டெக்குகளும் அதில் கொஞ்சம் முன்னே பின்னேதான். 6 சதவீதம் கூடினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும், 3 சதவீதம் கூடினாலே தம்புராவோடு சேராது. கேசட்டிலிருந்து எடுத்த கச்சேரியைச் சுருதி சேர்க்கும்முன் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். அதே பாட்டின் ஸ்ட்ரீமிங் பதிப்பு இருந்தால் இரண்டின் நீளத்தையும் ஒப்பிட்டு விகிதம் எடுங்கள். இங்கே பயன்படுத்த வேண்டியது வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளை, சுருதியை மட்டும் மாற்றுவது அல்ல. பாட்டின் நடுவே சுருதி அலைந்தால் அது டெக்கின் பெல்ட் தளர்ந்ததாலோ நாடாவை அழுத்தி நகர்த்தும் பிஞ்ச் ரோலர் இறுகிப்போனதாலோ வருவது. மென்பொருளில் தேடாதீர்கள், பெல்ட்டை மாற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் இன்னொன்று ஹெட்டின் கோணம். ஹெட்டின் பக்கத்தில் சின்னத் திருகு இருக்கும். பதிந்த டெக்கின் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் பொருந்தாவிட்டால் ‘ஸ’, ‘ச’ ஓசைகளும் ஜாலராவும் மங்கிவிடும். ஒலியை மோனோவில் வைத்துக் கேட்டுக்கொண்டே திருகை மெல்ல, கால் சுற்றுக்குள், இரு பக்கமும் நகர்த்துங்கள். ‘ஸ’ எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கடைக்குக் கடை டெக் வேறு, ஆகவே கேசட்டுக்குக் கேசட் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் கேட்டுவிட்டு ‘பழைய பாட்டே மந்தமாத்தான் இருக்கும்’ என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள், குற்றம் பாட்டில் இல்லை. அட்டையில் டால்பி பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று குறித்திருந்தால் மட்டும் டெக்கில் டால்பியைப் போடுங்கள். டால்பி இல்லாமல் பதிந்ததற்குப் போட்டால் மேல்தட்டு ஒலி அமுங்கிவிடும்.

வானொலி_நேயர்:
பேஸ்கிட்டார், பிள்ளைகள் பாட்டைப் பெரியவர்களுக்குக் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்கள். ‘ஒரே சத்தமா இருக்கு, ஒண்ணும் புரியலை’ என்பதைத் தாண்டுவது எப்படி?

பேஸ்கிட்டார்:
முதல்ல எதுல கேக்க வைக்கிறோம்னு பாருங்க. போன் ஸ்பீக்கர்ல கீழ்ச் சுரம் வராது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற கிக் டிரம்மும் பேஸும் காணாமப் போயிடும். மிஞ்சுறது ஹை-ஹாட் சிம்பலும் கத்துற குரலும். அது சத்தமாத்தான் இருக்கும், அவங்க சொல்றது நியாயம். ரெண்டு நல்ல ஸ்பீக்கரைக் காது உயரத்துல, ஒண்ணரை மீட்டர் தள்ளி வச்சு, பேசுற அளவு சத்தத்துல போடுங்க. வயசானா மேல் அதிர்வெண் கேக்குறது குறையும், வார்த்தையைப் பிரிச்சுக் காட்டுற மெய்யெழுத்து ஓசையெல்லாம் அங்கதான் இருக்கு. ஈக்வலைசர்ல 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் ஏத்துங்க. அதுக்காக மொத்தச் சத்தத்தைக் கூட்டாதீங்க.

ஒரு இயர்போனை ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் கேக்குறீங்கன்னா செட்டிங்ஸ்ல அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் மோனோ ஆடியோவை ஆன் பண்ணுங்க. இல்லைன்னா ஒரு காதுக்கு வர்ற வாத்தியம் இன்னொருத்தருக்கு வராது. ஸ்டீரியோவை ரொம்ப அகலமாப் பிரிச்ச பாட்டுல பாதிப் பாட்டே போயிடும்.

வரியைப் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் கையில கொடுங்க. ராப்புல ஒரு நிமிஷத்துல வர்ற வார்த்தை ஒரு மெலடியோட பல்லவி சரணம் ரெண்டுலயும் சேர்த்து வர்றதை விட அதிகம், பழகாத காதுக்குப் படிச்சுக்கிட்டே கேட்டாத்தான் பிடிபடும். முதல் பாட்டு அவங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணைத் தொடணும். 2021ல வந்த ‘என்ஜாயி எஞ்சாமி’யில ஒப்பாரி இருக்கு. கிராமத்துல ஒப்பாரி கேட்டு வளர்ந்தவங்க அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உக்காருவாங்க. அப்புறம் அவங்க ஊர் ஒப்பாரி எப்படி இருக்கும்னு கேளுங்க, பாடிக் காட்டினா போன்ல பதிஞ்சு வைங்க.

ரீதிகௌளை:
இது நல்ல வழி, ஆனால் ஒரே உட்காரலில் பத்துப் பாட்டைக் கொட்டாதீர்கள். மூன்று போதும். பெரியவர் ஒன்று, பிள்ளை ஒன்று, இருவருக்குமே புதிதான ஒன்று. மறுவாரம் புதிதைத் தொடங்கும்முன் போன வாரத்ததில் ஒன்றைத் திரும்பப் போடுங்கள். புதிய வகை இசை முதல் தடவையிலேயே பிடிப்பது அரிது, இரண்டாம் மூன்றாம் கேட்பில்தான் காது வழி கண்டுபிடிக்கும்.

ஒலிநாடா:
மூன்று பாட்டு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. விருப்பமான மூன்றை மட்டும் பொறுக்கினால் இருவரும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லைக்குள்ளேயே நிற்பார்கள். மாதம் ஒருமுறையாவது ஏ பக்கம் முழுவதையும், 30 நிமிடம், தாண்டாமல் கேளுங்கள். பிடித்த பாட்டுக்கு நடுவே பிடிக்காத ஒன்று வந்து காதில் விழும், புதியது பிடிபடுவது அப்படித்தான். பிள்ளைகளின் ஆல்பத்தையும் அதே போல முழுசாகக் கேட்க வேண்டும், பெரியவர்களும் நடுவில் எழுந்து போகக் கூடாது.

பேஸ்கிட்டார்:
முழு ஆல்பத்துக்கு நான் தயார். முழு கேசட் பக்கம்னா, இரைச்சலைக் குறைச்சுட்டுக் கொடுங்க. அந்த ஹிஸ் ஹெட்போன்ல தாங்காது.

ஒலிநாடா:
குறைக்கலாம், 6 டெசிபெல்லுக்கு மேல் போகாமல். பாட்டுக்கு முன்னால் வெறும் நாடா ஓடும் இரண்டு வினாடியை இரைச்சலின் மாதிரியாக மென்பொருளில் எடுங்கள். அதிகமாகத் துடைத்தால் தம்புராவின் கார்வையும் ஜாலராவின் வாலும் சேர்ந்து போய்விடும், குரல் தண்ணீருக்கடியில் கேட்கும். துடைக்காத மூலக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, அட்டையில் உள்ள தலைப்பு, பக்கம் மூன்றும் இருக்கட்டும். வெவ்வேறு இடத்தில் மூன்று பிரதி. வீட்டுப் பதிவாக இருந்தால் அதில் பாடுவது யார், எந்த ஊர், என்ன நிகழ்ச்சி என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு அன்றே எழுதிவிடுங்கள்.