சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு ஒருசேரக் கிடைக்க வழி உண்டா?

என் தாயாருக்கு வயது 63. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைட் 1 ஆகிய மாத்திரைகளைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்று வருகிறார். கடந்த நான்கு மாதங்களாக, முப்பது நாளுக்குத் தர வேண்டிய மாத்திரைகளைப் பத்து நாளுக்கு மட்டுமே தருகிறார்கள். இருப்பு இல்லை என்பதே பதில்.

காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்றாலும் எங்கள் முறை வரப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. ஒரே மருத்துவர், வெளியில் நூறு பேருக்கு மேல். அவர் கனிவாகவே பேசுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் சீட்டு எழுதிவிடுகிறார். மூன்று வாரங்களாகத் தாயாரின் வலது கால் பெருவிரலில் மரத்துப்போன உணர்வும், ஆறாத சிறு புண்ணும் உள்ளன. அதைக் காட்டியபோது கட்டு மட்டும் போட்டு அனுப்பினார்கள்.

104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் இருமுறை புகார் அளித்தேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தும் வீட்டுக்கு மாத்திரை வரவில்லை. இடையில் மருந்துக்கடையில் வாங்கினேன். கூலி வேலையில் அது கட்டுப்படியாகவில்லை. சென்ற வாரம் வெறும் வயிற்றில் சர்க்கரை 238.

புண்ணுக்காக நாளை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். மாத்திரைகளை இனி வட்ட அரசு மருத்துவமனையிலேயே மாதம் ஒருமுறை பெற, அங்கு யாரிடம் எந்தச் சீட்டுடன் போய்ப் பதிய வேண்டும்?