ஒன்றரை அடி ஆத்தங்குடிக் கல்லை எந்த வீட்டுல பார்த்தீங்க?

செக்காலைக்காரன்
மேசைப்போர் விளையாட்டுப் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கிறதைப் பத்திப் பிசின்மணி நேத்து போட்ட 'செட்டிநாட்டுப் படை' குறிப்பைப் படிச்சேன். விண்வெளிக் கவச வீரனுக்குத் தோள்பட்டையில யாளித் தலை, இடுப்புத் துணியில கண்டாங்கிக் கட்டம், காலடியில ஆத்தங்குடித் தரை. யோசனையில குத்தம் இல்ல. ஆனா பொம்மை நிக்கிற வட்டத் தட்டு, அதாவது பேஸ் பத்தி, நடுவுல ஒரு வரி போட்டிருக்கார்: "32 மி.மீ. பேஸ்ல கல்லை 8 மி.மீ. சதுரமா கீறுறதுதான் சரி, அதுக்குக் கீழே போறது வெட்டி வேலை." ஆத்தங்குடிக் கல் 8 அங்குலம், 10 அங்குலம், மிஞ்சினா 12. 28 மி.மீ. பொம்மை நிஜ ஆள்ல 56ல ஒரு பங்குன்னு வச்சா 10 அங்குலக் கல் நாலரை மி.மீ., 8 அங்குலக் கல் 3.6 மி.மீ. இப்ப இவரோட 8 மி.மீ. கல்லைத் திருப்பிப் பெருக்குங்க. 448 மி.மீ. வருது. ஒன்றரை அடிக் கல்! கானாடுகாத்தான்லயா, கொத்தமங்கலத்துலயா, எந்த வீட்டு வளவுல கிடக்கு அது?

பிசின்மணி
அண்ணே, இது கட்டட வரைபடம் இல்ல. மேசைக்கு மூணடி தள்ளி நின்னு பார்க்கிற சாமான். 4 மி.மீ. சதுரத்துக்குள்ள பூ வரைஞ்சா மூணடியில அது அழுக்குப் புள்ளி. 8 மி.மீ. போட்டா ஒரு பேஸுக்குப் பன்னிரண்டு கல், 4 போட்டா ஐம்பது. 60 உருவத்துக்கு 3000 கல். 3000 பூ வரைய நீங்க வர்றீங்களா?

நான் சொன்ன வழி சுலபமானது. அரை மி.மீ. ப்ளாஸ்டிகார்டை (பிளாஸ்டிக் தகடு) வட்டமா வெட்டி, கத்தியோட முதுகால கோடு இழுக்கணும். கூர்ப்பக்கத்தால இழுத்தா பிளாஸ்டிக் ரெண்டு பக்கமும் உதடு மாதிரி தூக்கிக்கும், அப்புறம் தேய்க்கணும். ஐவரி ரெண்டு கோட் மெல்லிசா. பூவுக்கு செங்காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு போதும். கோட்டுக்குள்ள மட்டும் பழுப்பு வாஷ், அதாவது தண்ணியாக் கரைச்ச வண்ணம்.

செக்காலைக்காரன்
கோட்டுக்குள்ள பழுப்பு வாஷா? அங்கேயே மாட்டிக்கிட்டீங்க தம்பி. ஆத்தங்குடிக் கல்லை ஒட்ட ஒட்டத்தான் பதிப்பாங்க. இணைப்பு கண்ணுக்கே தெரியாது. கால் மி.மீ. அகலத்துக்குக் கோடு கீறினா நிஜத்துல அது 14 மி.மீ. இடைவெளி. பாத்ரூம் டைல்ஸுக்குக்கூட அவ்வளவு விடமாட்டான்.

அப்புறம் 3000 பூவை எவன் கையால வரையச் சொன்னான்? தண்ணில ஊறவச்சு ஒட்டுற படம், டீக்கால், எதுக்கு இருக்கு? லேசர் பிரிண்டர்ல 600 டிபிஐ வச்சா 4 மி.மீ.க்கு 94 புள்ளி கிடைக்கும். பூ, இதழ், மூலைக் கொடி எல்லாம் தெளிவா விழும். ஒரு ஏ4 தாள்ல 34 மி.மீ. இடம் விட்டு அடுக்கினா 48 வட்டம். ரெண்டு தாள், படையே முடிஞ்சுது. பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாது, அதனால அடித்தளம் ஐவரியா இருக்கணும். அது மேல கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ். டீக்காலை அரை நிமிஷம் தண்ணில போட்டு, மைக்ரோ செட்ங்கிற டீக்கால் திரவம் தடவின இடத்துல வழுக்கி இறக்கணும். மேல டீக்காலை இளக்குற மைக்ரோ சால். சால் பட்டதும் தோல் மாதிரி சுருங்கும், பயந்துபோய்க் கை வச்சா கிழிஞ்சுது. அப்படியே விட்டா காயும்போது தானா இழுத்துக்கும். காஞ்சதும் இன்னொரு கிளாஸ்.

பொம்மையை டீக்கால் மேல அப்படியே ஃபெவிக்விக்கால ஒட்டாதீங்க. பசை பிடிக்கிறது அந்த மெல்லிசுப் படலத்தைத்தான். ஒரு தட்டு தட்டினா பொம்மையோட பூவும் சேர்ந்து உரிஞ்சு வரும். காலடி விழுற இடத்தைச் சுரண்டிட்டு, 1 மி.மீ. துளை போட்டுக் கம்பி செருகணும்.

4 மி.மீ. அதுக்கு மேல பேச்சு கிடையாது.

வளவு
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். 56ல ஒரு பங்குன்னு முதல்ல முடிவு பண்ணினது யாரு? 28 மி.மீ.ங்கிறது உள்ளங்கால்லேர்ந்து கண் வரைக்குமா, உச்சந்தலை வரைக்குமா? அதுவும் ஹீரோயிக் வகை, தலையும் கையும் வேணும்னே பெருசா வார்த்தது. கவச வீரன் சாதாரண ஆளைவிட உசரம் வேற. இதைப் பேசாம 4, 8ன்னு கத்தி என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு. அந்தக் கல்லுக்குப் பளபளப்பு வர்றது கண்ணாடியால. கண்ணாடிப் பலகை மேல அச்சு வச்சு, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு, பின்னால மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறவச்சு எடுப்பாங்க. கண்ணாடி பட்ட முகம்தான் மேல் முகம். பிசின்மணியோட பேஸ் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்ல சுண்ணாம்பு மாதிரி இருக்கு. எனக்கு அளவைவிட அதுதான் உறுத்துது.

செக்காலைக்காரன்
வளவு ஆச்சி சொல்றது நியாயம். ஆனா எந்தக் கணக்குப் போட்டாலும் 8 வராது. 60ல ஒரு பங்குன்னு வைங்க, 10 அங்குலக் கல் 4.2. 8 எங்கேருந்து வந்துச்சு?

ஆறாம்நம்பர்பிரஷ்
பளபளப்புன்னு பேச்சு வந்ததால சொல்றேன். கடையில வார்னிஷ் வாங்குறதுக்குப் பதிலா முட்டை வெள்ளைக்கரு பூசலாமே? நம்ம ஊர்ச் சுவரே முட்டையாலதானே கண்ணாடி மாதிரி நிக்குது. தீமுக்கும் பொருத்தம்.

தேவகோட்டைரஸ்தா
வந்துட்டாரய்யா. சுவர்ல முட்டை தனியா நிக்கல, கூடவே சுண்ணாம்பு, கடுக்காய் எல்லாம் இருக்கு. மேல்பூச்சைக் கல்லால மணிக்கணக்கா தேய்ச்சுப் பளபளப்பு ஏத்துறாங்க. சும்மா வெள்ளைக்கருவை அக்ரிலிக் மேல பூசினா காஞ்சு நொறுங்கும், ஐப்பசி ஈரத்துல பூசணம் பிடிக்கும், மிச்சத்தைக் கரப்பான் பார்த்துக்கும். ட்ரை பிரஷ் (காஞ்ச பிரஷ்ஷால லேசாத் தேய்க்கிறது) பண்ண ஈர பிரஷை எடுத்த ஆள்தானே நீங்க, அந்த விவாதத்தை இன்னும் யாரும் மறக்கல.

ஆறாம்நம்பர்பிரஷ்
பழைய கணக்கை இங்க தூக்கிட்டு வராதீங்க. அன்னைக்கு நான் சொன்னது வெட் பிளெண்டிங், ஈரத்துலயே வண்ணத்தைக் கலக்குறது. படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சுது. அது கிடக்கட்டும், பைக் ஓட்டுற வீரனுக்குப் பிசின்மணி பைக்குக்குப் பதிலா அய்யனார் புரவி போட்டிருக்காரே, அதை வெள்ளையா அடிச்சது யாருக்கும் தப்பாத் தெரியலையா? புரவின்னா சுட்ட மண்ணு. செம்மண் நிறம்.

தேவகோட்டைரஸ்தா
புரவி எடுப்புத் திருவிழா பார்த்ததே இல்லையா? சுண்ணாம்பு வெள்ளை பூசி, அது மேல சிவப்பு, மஞ்சள், நீலம்னு அலங்காரம் பண்ணின குதிரை எத்தனை இருக்கு. ரெண்டும் உண்டு.

பிசின்மணி
நன்றி ரஸ்தா அண்ணே. புரவி செஞ்ச விதத்தையும் கேட்டிருந்தாங்க. உடம்புக்கு பிளாஸ்டிக் குழாய், நாலு காலும் தூண் மாதிரி நேரா நிக்கணும், முட்டி மடங்கக் கூடாது. மேல எம்-சீல் பசை மாவு, ரெண்டு பாகமும் சம அளவு. அது கல்லு மாதிரி இறுகும், அரம் போட நல்லாத் தேயும். கழுத்து மணி, சேணம், பிடரி மாதிரி நுணுக்கத்துக்கு மட்டும் கிரீன்ஸ்டஃப்ங்கிற பச்சை மாவு. அது ரப்பர் மாதிரி, தேய்க்க வராது. அதனால கருவியைத் தண்ணில தொட்டுத் தொட்டு ஈரமா இருக்கும்போதே வழவழன்னு முடிச்சுடணும். பைக் ஓட்டியோட கால் ஏற்கெனவே அகட்டினதுதான், தொடை உள்பக்கம் கொஞ்சம் செதுக்கினா உக்காந்துக்கும். 75க்கு 42 மி.மீ. நீள்வட்டப் பேஸ் சரியா இருக்கு. வெள்ளையை நேரா அடிக்காதீங்க, எலும்பு நிறம் ஒரு கோட், அப்புறம் வெள்ளை தண்ணியா மூணு கோட்.

செக்காலைக்காரன்
நீள்வட்டப் பேஸ்லயும் 8 மி.மீ.தானா?

பிசின்மணி
ஆமா.

செக்காலைக்காரன்
அய்யனார் கோயில் வாசல்ல ஆத்தங்குடிக் கல் எதுக்குன்னு நான் கேட்கவே இல்ல. பெருந்தன்மையா விட்டேன். புரவி பொட்டல்ல, கண்மாய்க் கரையில நிக்கும். அங்க செம்மண்ணும் கருவேல முள்ளும்தான். அதுலயும் ஒன்றரை அடிக் கல்லைப் பதிச்சா எப்படி?

வளவு
வார்னிஷ் கேள்விக்குப் பதிலைக் காணோம். பேஸ்ல கிளாஸ், பொம்மையில மேட்னு பிரிக்கணும்னா வரிசை முக்கியம். எல்லாத்துக்கும் மேட் ஸ்ப்ரே அடிச்சு, காஞ்ச பிறகு தரைக்கு மட்டும் பிரஷ்ஷால கிளாஸ். மாத்திச் செஞ்சா தரை மங்கிடும். மழை நாள்ல ஸ்ப்ரேயைத் தொடாதீங்க, படலம் பால் மாதிரி வெளுத்துடும். வெளுத்துட்டா காஞ்ச நாளாப் பார்த்து ஒரு கிளாஸ் கோட் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் தெளியும். சித்திரை வெயில்ல வேற கூத்து, அடிப்பூச்சு பிரைமர் பொம்மையைத் தொடுறதுக்குள்ள காத்துலயே காஞ்சு மணலா ஒட்டும். விடியக்காலையில அடிக்கணும், ஒரு சாண் தள்ளி, கையை நிறுத்தாம.

தேவகோட்டைரஸ்தா
'பேஸ்' 'பேஸ்'னு எல்லாரும் எழுதுறோமே, பீடம்னு ஒரு சொல் இருக்கு.

ஆறாம்நம்பர்பிரஷ்
பீடத்துல ஏத்தி வச்சுச் சூடமும் காட்டுங்க.

புதுசு_2
வணக்கம். ஆயுதத்தை மாத்தி மாத்தி மாட்ட காந்தம் வைக்கணும். 3 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனம் போதுமா? ஒரு கை ஒட்டுது, இன்னொரு கை தள்ளுது. ஏன்?

செக்காலைக்காரன்
போதும். துருவத்தை மாத்தி ஒட்டியிருக்கீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லா காந்தத்தையும் ஒரே அடுக்கா நிறுத்தி, மேல் முகத்துல மார்க்கர் புள்ளி வைங்க. உடம்புப் பக்கம் புள்ளி வெளியே தெரியணும், கைப்பக்கம் உள்ளே போகணும். துளை 3 மி.மீ., ஆழம் 1 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூட. முகக் கண்ணாடியை மாட்டின பொம்மையை ஃபெவிக்விக் காயுறதுக்குள்ள மூடின டப்பாவுல வைக்காதீங்க, ஆவி படிஞ்சு வெள்ளையாப் பூத்துடும். உங்க பேஸ்ல கல் எத்தனை மி.மீ.?

புதுசு_2
கல் இல்லை. மணல்தான்.

செக்காலைக்காரன்
புத்திசாலி.

பிசின்மணி
அண்ணே, மூணு நாளா இதே பாட்டு. கண்டாங்கிக் கட்டம் பத்தி ஒரு வார்த்தை இல்ல. யாளித் தலை பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஒரு துணிக்குப் பதினாலு கோடு, 00 பிரஷ், அரக்குச் சிவப்பு மேல மஞ்சள், ஒவ்வொரு கோட்டையும் ரெண்டு தடவை இழுத்திருக்கேன், ஏன்னா மஞ்சள் சிவப்பை மறைக்காது. அதுக்குக் கண்ணு இல்ல, தரையை மட்டும் ஸ்கேல் வச்சு அளக்குறீங்க.

செக்காலைக்காரன்
கண்டாங்கி நல்லா வந்திருக்கு. மஞ்சளுக்கு அடியில வெளிர் காவி ஒரு கோடு போட்டா ரெண்டாவது தடவை இழுக்க வேண்டியதில்ல. யாளிக்குத் தும்பிக்கை குட்டை. இப்ப கல்லுக்கு வருவோம். ஒரு ஸ்கேலைப் பக்கத்துல வச்சுப் படம் போடுங்க.

பிசின்மணி
போட மாட்டேன். அடுத்த அணிக்கு 12 மி.மீ. போடப் போறேன்.

செக்காலைக்காரன்
12 பெருக்கல் 56, 672. ரெண்டடிக்கு மேல. அந்தக் கல்லைத் தூக்க நாலு ஆள் வேணும், அவங்களையும் செஞ்சு அதே பேஸ்ல நிறுத்துங்க.