எச்சரிக்கை வந்தாலும் படிக்காமல் மூடிவிடுகிறார்கள், பூட்டு போடலாமா?

தரக்குழு_ஆள்:
எங்கள் மருத்துவமனையில் மருந்துகளைக் கணினியிலேயே எழுதும் முறைக்கு மாறிவிட்டோம். இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், அலர்ஜி இருந்தால், டோஸ் கூடினால் திரையில் எச்சரிக்கை வரும். மருந்துப் பிழைகள் பாதியாகக் குறையும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது பதிவுகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான எச்சரிக்கைகளை டாக்டர்கள் படித்ததாகவே தெரியவில்லை, காரணம் கேட்கும் பெட்டியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். நிர்வாகம் 'மூடவே முடியாதபடி பூட்டிவிடுங்கள்' என்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் வேறு வழி என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பார்மசி_ஜன்னல்:
பூட்டு பற்றி முதலில். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும், கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோலும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும் என்பதால், அந்த ஜோடியை எழுதவே விடாத மாதிரி எச்சரிக்கை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள், முடிவு 2010இல் வெளியானது. எச்சரிக்கை நன்றாகவே வேலை செய்தது, அந்த ஜோடி எழுதப்படுவது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், ஏனென்றால் 4 நோயாளிகளுக்குத் தேவையான சிகிச்சை அந்தப் பூட்டினாலேயே தாமதமானது. நிர்வாகத்திடம் இதைக் காட்டுங்கள்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில் மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை ஒதுக்கித் தள்ளப்பட்டதாக இருக்கிறது, அதனால் உங்கள் ஆட்கள் மட்டும் விதிவிலக்கு இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு, பின்னால் 'நீங்கள் சொல்லவே இல்லையே' என்ற பேச்சு வரக்கூடாது, அதனால் எல்லாவற்றையும் கொட்டி வைப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியம் மாத்திரையும் பல மாதமாக ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிற ஒருவருக்கு ஒவ்வொரு முறை சீட்டைப் புதுப்பிக்கும்போதும் அதே எச்சரிக்கை வந்தால் யார் படிப்பார்கள்? பொட்டாசியம் அளவையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் க்ரியாட்டினினையும் பார்த்துவிட்டு, ஏறுமுகமாக இருந்தால் மட்டும் அது வாயைத் திறக்கட்டும்.

இரவு_டூட்டி:
நர்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் 16 வயதுப் பையனுக்கு இதே கோ-ட்ரைமாக்சசோல், ஒரு மாத்திரை போதும் என்ற இடத்தில் 38½ மாத்திரை கொடுத்த கதை தெரியும்தானே? 160 மில்லிகிராம் என்று போக வேண்டியது, கிலோவுக்கு 160 மில்லிகிராம் என்று போய்விட்டது. டாக்டருக்கும் எச்சரிக்கை வந்தது, பார்மசிஸ்டுக்கும் வந்தது, இரண்டு பேருமே மூடிவிட்டார்கள். கடைசியில் நர்ஸ் பார்கோடு ஸ்கேன் செய்தபோது ஆர்டரும் மருந்தும் பொருந்துகிறது என்று கணினி சரி சொல்லிவிட்டது, அவ்வளவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மனசு உறுத்தினாலும் திரை சரி என்கிறதே என்று தோன்றுமா தோன்றாதா? பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை பிழைத்துக்கொண்டான். இத்தனைக்கும் சின்ன அளவு மீறலுக்கு வருகிற அதே பெட்டிதான் இதற்கும் வந்தது. 39 மடங்கு டோஸுக்கும் 5 சதவீதம் கூடுதல் டோஸுக்கும் ஒரே முகம் காட்டினால் எப்படி?

கோடு_எழுதுபவன்:
மருத்துவமனை சாஃப்ட்வேர் எழுதுவதுதான் என் வேலை. எல்லோரும் எச்சரிக்கைப் பெட்டியையே முடிவெடுக்க உதவும் கருவி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது அதில் ஒரு துண்டு மட்டும்தான், அதுவும் எரிச்சலூட்டும் துண்டு. உங்களிடம் சொன்ன அந்தப் 'பாதி' அநேகமாக பாஸ்டனில் நடந்து 1998இல் வெளியான ஆய்விலிருந்து வந்திருக்கும். அதில், யாரும் பிடிக்காமல் நழுவிய கடுமையான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைந்தன, உண்மை. ஆனால் அந்தக் கணினி முக்கியமாகச் செய்தது என்ன? மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் வழக்கமான டோஸும் எத்தனை வேளை என்பதும் பட்டியலாக வந்துவிடும். திட்டுவதற்கு முன்பே சரியானதைக் கையில் கொடுத்துவிட்டது. அதே ஆய்வில் நோயாளிகளுக்கு நேர்ந்த, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 17 சதவீதம்தான் குறைந்தன, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற அளவில்தான். விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே சிறுநீரகம் பழுதானவருக்கு 'டோஸ் அதிகம்' என்று கத்துவதை விட, க்ரியாட்டினினைப் படித்துக் குறைத்த டோஸையே முதல் வரியில் வையுங்கள். 2005இல் 70 சோதனைகளை அலசிய ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: தேடிப் போகாமல் தானாக வர வேண்டும், முடிவெடுக்கும் அந்த நேரத்திலேயே வர வேண்டும், குறை சொல்வதோடு நிற்காமல் என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும்.

தரக்குழு_ஆள்:
சரி, பூட்டு வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன். ஆனால் எச்சரிக்கைகளைக் குறைத்தால், நாளைக்கு ஏதாவது நடந்தால் 'நீதானே அணைத்தாய்' என்பார்களே? முன்னேற்றம் என்று எதைக் காட்டுவது?

பார்மசி_ஜன்னல்:
தனியாக அணைக்காதீர்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட் உட்கார்ந்து, எந்த எச்சரிக்கை ஏன் போகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் எத்தனை எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு லேப் முடிவுகளைப் பாருங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதன் அளவு) 5ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர், இன்சுலின் போட்டு சர்க்கரை 70க்குக் கீழே போனவர்கள் எத்தனை பேர், மாற்றத்துக்கு முன்பும் பின்பும். வார்ஃபரினிலிருந்தே ஆரம்பியுங்கள், அந்த எண்கள் ஏற்கெனவே உங்கள் லேப் கணினியில் இருக்கும்.