யூகேவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இந்த ஊர் சினிமாவின் கணக்கு வழக்கு

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, இங்கே சினிமா இண்டஸ்ட்ரி பெரிசு என்கிறார்களே, உள்ளே நுழைய வழி இருக்கா?" அதற்குக் கீழேயே ஒரு அக்கா, "பிள்ளையோடு தமிழ்ப் படத்துக்குப் போனால் விடுவார்களா?" என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இங்கே படம் எடுக்கிற இடமும் படம் பார்க்கிற இடமும் பங்காளி வீடு மாதிரி. பெயர் ஒன்று, அடுப்பு தனித்தனி.

முதலில் அக்காவின் கேள்வி. இதில் நான் பட்டிருக்கிறேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஊரில் யூ/ஏ வாங்கிய படம்தானே என்று ஆன்லைனில் நான்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்கிரீன் வாசலில் நின்ற பையன் டிக்கெட்டைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "சாரி, இது 15" என்றான். அப்பா நான் கூடவே இருக்கிறேனே என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். மனைவியும் மாமியாரும் உள்ளே போனார்கள். நானும் மகளும் இரண்டே முக்கால் மணி நேரம் லாபியில் பாப்கார்ன் கொறித்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் விசில் சத்தம் வரும், மகள் என்னை முறைப்பாள். பணம் திரும்பி வரவில்லை.

அந்தப் பையன்மேல் தப்பில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. இங்கே தியேட்டருக்கு லைசென்ஸ் கொடுப்பது உள்ளூர் கவுன்சில். பிபிஎஃப்சி (இந்த ஊர் சென்சார் போர்டு மாதிரி) கொடுக்கும் வயதுச் சான்றை மதித்து நடப்பது அந்த லைசென்ஸோடு சேர்ந்து வருகிற நிபந்தனை. யூ, பிஜி இரண்டுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். 12ஏ என்றால் பன்னிரண்டுக்குக் கீழ் உள்ள பிள்ளை பெரியவர் துணையோடு போகலாம்; இது 2002இல் வந்த ஏற்பாடு. 15, 18 என்றால் அந்த வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றவர் கூட வந்தாலும் அனுமதி கிடையாது. ஊரில் குடும்பத்தோடு பார்க்கிற அரிவாள் படம் இங்கே சுலபமாக 15 ஆகிவிடும். இன்னொரு சிக்கல், நம் படங்களுக்குச் சான்று பலமுறை ரிலீஸுக்கு ஓரிரு நாள் முன்னால்தான் வரும், டிக்கெட்டோ அதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும். பிள்ளை உள்ளவர்கள் அவசரப்படாதீர்கள். பிபிஎஃப்சி தளத்தில் படத்தின் பெயரைப் போட்டால் என்ன காரணத்துக்காக அந்தச் சான்று என்று இரண்டு வரியில் இருக்கும்.

ஒரு துணுக்கு: சேவல் சண்டை போன்ற காட்சி இங்கே வெட்டுப்பட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். படப்பிடிப்புக்காக விலங்கை நிஜமாகவே வதைத்திருந்தால் அந்தக் காட்சியைக் காட்டக் கூடாது என்று 1937இல் போட்ட சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்தது டிக்கெட் காசு. பத்து பவுண்டு டிக்கெட் என்று வையுங்கள். அதில் 1.67 பவுண்டு வாட் வரியாகப் போய்விடும். மிச்சம் 8.33. இதைத்தான் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்ள வேண்டும். பங்கு படத்துக்குப் படம், வாரத்துக்கு வாரம் மாறும், பொதுவாகத் தியேட்டர் கைதான் ஓங்கியிருக்கும். பாப்கார்ன் காசில் விநியோகஸ்தருக்கு ஒரு பென்னி கிடையாது. கவுண்டரில் அந்தப் பெரிய வாளியை ஏன் அவ்வளவு அன்போடு நீட்டுகிறார்கள் என்று இப்போது புரியும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அடுத்த வெள்ளி முதல் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்று தியேட்டர்காரர்கள் முடிவு செய்வது திங்கட்கிழமை, சனி ஞாயிறு வசூலைப் பார்த்துவிட்டு. பெரிய நடிகர் படம் எப்படியும் ஓடும். நல்ல சின்னப் படம் ஒன்று வருகிறது, "அடுத்த வாரம் நிதானமாகப் பார்ப்போம்" என்று நாம் இருந்தால் அடுத்த வாரம் அது லண்டனில் இல்ஃபர்டிலும் இருக்காது, ஹாரோவிலும் இருக்காது. இருந்தாலும் இரவு பத்தரை ஷோ ஒன்றுதான் மிஞ்சும். ஆங்கிலம் அல்லாத படங்கள் இங்கே நிறையவே வெளியாகின்றன, ஆனால் மொத்த வசூலில் அவற்றின் பங்கு சில சதவீதம்தான், அதிலும் பெரும்பங்கு இந்திக்கு. ஆகவே நம் ஆட்கள் முதல் மூன்று நாளில் போனால் உண்டு.

வெள்ளைக்காரர்கள் சினிமா பார்ப்பதில்லையா என்றால், ஒரு காலத்தில் நம்மையே மிஞ்சியவர்கள். 1946இல் மட்டும் 163 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது, ஆளுக்கு ஆண்டில் முப்பது படத்துக்கு மேல். அப்புறம் டிவி வந்தது, வீடியோ வந்தது; 1984இல் அது 5.4 கோடிக்கு விழுந்தது. மறு ஆண்டு மில்டன் கீன்ஸில் பத்துத் திரையோடு நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தார்கள், கூட்டம் மெல்லத் திரும்பியது. 2018இல் 17.7 கோடி. கோவிட் அதையும் சாய்த்தது. 2024இல் ஏறத்தாழ 12.6 கோடி. அதாவது ஆளுக்கு ஆண்டில் இரண்டு படம்கூட இல்லை. காலி இருக்கையோடு படம் ஓட்டினாலும் வாடகையும் கரண்ட் பில்லும் குறையாது. அதனால்தான் மாதச் சந்தா அட்டை, இன்ஷூரன்ஸ் ஒப்பீட்டுத் தளங்கள் வழியாக வாரநாளில் ஒன்றுக்கு இரண்டு டிக்கெட் என்று கூப்பிடுகிறார்கள். மாதம் இரண்டு படமாவது பார்ப்பவர் என்றால் சந்தா விலையை விசாரித்துப் பாருங்கள்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன வசூலை வைத்து இங்கே உள்ள ஸ்டுடியோக்களை எடைபோடாதீர்கள். பைன்வுட், ஷெப்பர்ட்டன், லீவ்ஸ்டன் மூன்றும் நிறைவது பெரும்பாலும் அமெரிக்கப் பணத்தில். சினிமாவும் உயர்செலவு டிவி தொடர்களும் சேர்த்து 2022இல் யூகேவில் செலவான தொகை 627 கோடி பவுண்டு. அதில் உள்ளூர்க்காரர் சொந்தமாக எடுக்கும் படங்களின் பங்கு சொற்பம்.

அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்? திறமையான டெக்னீஷியன்கள், ஆங்கிலம், எல்லாம் உண்டு. ஆனால் முதல் காரணம் வரிச்சலுகை. 2024 முதல் நடைமுறையில் இருக்கும் கணக்கு இது: ஒரு படத்தின் முக்கியச் செலவு ஒரு கோடி பவுண்டு, முழுக்க இங்கேயே செலவழித்தார்கள் என்றால் அதில் 80 சதவீதத்துக்கு, அதாவது 80 லட்சத்துக்கு, 34 சதவீதம் கிரெடிட் (அரசு தரும் சலுகைத் தொகை): 27.2 லட்சம். அதற்கு 25 சதவீதம் கம்பெனி வரி போனால் கையில் 20.4 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. சின்ன பட்ஜெட் பிரிட்டிஷ் படங்களுக்கு 53 சதவீதம் என்று தனி விகிதமும் உண்டு. இதற்கெல்லாம் படம் 'பிரிட்டிஷ்' என்று பிஎஃப்ஐயிடம் (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) சான்று வாங்க வேண்டும். 35 மதிப்பெண்ணில் 18 எடுத்தால் பாஸ். கதை, மொழி, வேலை செய்பவர்கள், வேலை நடக்கும் இடம் என்று பிரித்து மார்க் போடுகிறார்கள். சூப்பர்ஹீரோ படம்கூட பிரிட்டிஷ் படமாவது இப்படித்தான்.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தை 2023இல் பார்த்தோம். ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஸ்டிரைக் செய்தார்கள். அங்கே பேனா கீழே போனதும் இங்கே செட் போடுகிற தச்சருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு செலவு 423 கோடிக்கு இறங்கியது. 2024இல் 560 கோடிக்கு ஏறியது. ஆனால் நடுவில் வாடகை கட்ட முடியாமல் தொழிலை விட்டவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கேமரா அசிஸ்டன்ட் இப்போது டெலிவரி வேன் ஓட்டுகிறார்.

வேலைகளில் பெரும்பகுதி ஃப்ரீலான்ஸ். ஆறு வாரம் வேலை, அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆகவே தம்பி, முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் கூடாது, நடிப்பு போன்ற பொழுதுபோக்குத் தொழிலும் கூடாது. "கூட்டத்தில் சும்மா நிற்பதுதானே" என்று ஏஜென்சியில் பெயர் கொடுத்துவிடாதீர்கள். டிகிரி மாணவருக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். ஷூட்டிங் நாள் ஒன்றே பத்து, பதினொரு மணி நேரம் போகும், இரண்டு நாளில் வரம்பு முடிந்தது. படிப்பு முடிந்து வரும் கிராஜுவேட் விசாவிலும் டிபெண்டன்ட் விசாவிலும் சுயதொழில் செய்யலாம். கடைநிலை ரன்னர் (எடுபிடி) வேலைக்குக்கூட டிரைவிங் லைசென்ஸ் கேட்பார்கள். காலை ஆறு மணி கால்ஷீட்டுக்கு, பைன்வுட் இருக்கும் ஐவர் ஹீத் போய்ச் சேர டியூப் கிடையாது. ஸ்கிரீன்ஸ்கில்ஸ் நடத்தும் பயிற்சிகளைப் பாருங்கள், பெக்டு யூனியன் சொல்லும் சம்பள விகிதத்தைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

சென்னையிலிருந்து விஎஃப்எக்ஸ் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 முதல் விஎஃப்எக்ஸ் செலவுக்கு 39 சதவீதம் கிரெடிட், 80 சதவீத உச்சவரம்பும் இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அதே 2025 பிப்ரவரியில் பெரிய விஎஃப்எக்ஸ் கம்பெனிகளை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் விழுந்து, ஒரே வாரத்தில் நிறையப் பேர் வேலை இழந்தார்கள். ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற கம்பெனி, போனால் ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரருக்கு வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். 2025 ஜூலை முதல் அந்த விசாவுக்கான பொதுக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண்டு. அந்தச் சம்பளத்தில் உங்களை எடுக்க இன்னொரு கம்பெனி இந்த 60 நாளில் வேண்டும். ஆகவே வந்ததும் கார் லோன் எடுக்காதீர்கள், நான்கு மாத வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

தம்பி, எந்த விசா, எந்த ஊர் என்று கீழே போடுங்கள், அதற்கேற்ற மாதிரி சொல்கிறேன். அக்கா, நீங்கள் கேட்ட படத்துக்கு இன்னும் சான்று வரவில்லை. வியாழக்கிழமை மாலை ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.